வீட்டு வரி ரசீதும் மனையுரிமையும்: காஞ்சிபுரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

நம் மக்கள் வாழும் குடியிருப்புகளில் மனைத் தகராறு எழும்போதெல்லாம் பெரும்பாலும் முதலில் வெளியே எடுக்கப்படுவது ஒரு பழைய வீட்டு வரி ரசீதுதான். பட்டா இராது, கிரயப் பத்திரம் இராது. தாத்தா பெயரிலோ பாட்டி பெயரிலோ உள்ள மங்கிய ரசீது மட்டும் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அந்த ரசீதைக் கொண்டு எதை நிலைநாட்ட முடியும், எதை முடியாது என்பது தெரியாததால் இரண்டு வகையில் இழப்பு ஏற்படுகிறது. ரசீதே பட்டா என்று நம்பி மனையை இழப்போர் உண்டு. ரசீது வெறும் காகிதம் என்று எண்ணி, அது தரக்கூடிய சான்றையும் கைவிடுவோர் உண்டு.

ஆகவே சொத்து வரி எவ்வாறு கணக்கிடப்படுகிறது, எங்கே தேடிப் பார்ப்பது, எப்படிச் செலுத்துவது, தவறு நேர்ந்தால் எங்கே முறையிடுவது என்பவற்றைக் காஞ்சிபுரம் மாநகராட்சியை முன்வைத்து இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம். இதே நடைமுறையே, விகிதங்களும் மண்டலங்களும் மாறுபட்டாலும், தமிழகத்தின் ஏனைய நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வரியும் வாக்கும் மனையும்: சுருக்க வரலாறு

காஞ்சிபுரம் நகராட்சி 1866இல் அமைக்கப்பட்டது. 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டு, 2022 தேர்தலில் மொத்தமுள்ள 51 வார்டுகளில் 50 வார்டுகளுக்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் நகராட்சிச் சட்டங்கள் வீட்டுக்கு வரி விதித்தன. பின்னர் நகராட்சித் தேர்தல் வந்தபோது வரி செலுத்துவோருக்கே வாக்குரிமை என்றாயின. சொந்த மனை இல்லாதவர் பெயரில் வரி இல்லை; வரி இல்லாதவருக்கு வாக்கு இல்லை. சேரி முழுவதும் நகராட்சி அரசியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதற்கு இந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது. 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்த டாக்டர் அம்பேத்கர், சொத்துத் தகுதியை உயர்த்தி வைத்தால் தீண்டப்படாத மக்கள் வாக்காளர் பட்டியலிலேயே இடம்பெற மாட்டார்கள் என்பதை எடுத்துக்காட்டினார். 1928இல் சைமன் குழுவின் முன் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கோரினார். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே வரி ரசீதுக்கும் வாக்குச்சீட்டுக்கும் இடையிலான அந்த முடிச்சு முற்றிலும் அவிழ்ந்தது.

மனையைப் பற்றிய முடிச்சு இன்னும் அவிழவில்லை. காஞ்சிபுரம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அளித்த குறிப்பில், பறையர்கள் குடியிருக்கும் மனைகள் மீதும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடியதையும், மிராசுதாரரை எதிர்த்தவர் குடிசையை இழக்க நேர்ந்ததையும் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறப்பிக்கப்பட்ட 1010ஆம் எண் அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. நிலம் ஒதுக்கப்பட்டது போலவே மனையும் வேண்டும் என்பது அன்றைய கோரிக்கை. நூற்றாண்டு கடந்து 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நில மீட்புக்காகச் செங்கற்பட்டில் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். நிலமும் மனையும் இம்மாவட்டத்தில் எவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கேட்கப்பட்டவை என்பதை மறவாமல்தான் ஒரு சாதாரண வரி ரசீதையும் நாம் வாசிக்க வேண்டியுள்ளது.

வரி விதிக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது

நிலம், கட்டடம் மீதான வரி மாநிலப் பட்டியலின் 49ஆம் இனத்தில் உள்ளது. 74ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட 243எக்ஸ் பிரிவு, வரி விதித்து வசூலிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டத்தின் மூலம் நகர உள்ளாட்சிகளுக்கு வழங்க வழிசெய்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் வசூலிக்கப்படலாகாது என்பது 265ஆம் பிரிவு. தமிழகத்தில் நீண்டகாலம் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நகராட்சிகளை ஆண்டது. இப்போது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் பொருந்தும். மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஊராட்சிகளில் உள்ள வீடுகளுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி விதிக்கப்படுகிறது. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர்களில் வாழ்வோர் தங்கள் வீடு எந்த எல்லையில் உள்ளது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். செவிலிமேடு போல முன்பு தனி உள்ளாட்சியாக இருந்து பின்னர் நகரோடு இணைக்கப்பட்ட பகுதிகளில் பழைய ரசீதில் ஒரு உள்ளாட்சியின் பெயரும் புதிய ரசீதில் வேறொன்றின் பெயரும் இருப்பது இயல்பு. இரண்டையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது

சொத்து வரியின் அடிப்படை, அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக என்ன கிடைக்கும் என்ற மதிப்பீடு. இதனை ஆண்டு வாடகை மதிப்பு என்பர். உண்மையில் வாடகைக்கு விட்டிருக்க வேண்டும் என்பதில்லை. கீழ்க்கண்டவை அதனைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது மண்டலம். நகரின் தெருக்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்துக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என அடிப்படை மதிப்பு நிர்ணயிக்கப்படுகிறது. கோயில் வீதிகளும் பட்டுக் கடைகள் நிறைந்த சாலைகளும் ஒரு மதிப்பிலும், ஒதுக்குப்புறத் தெருக்கள் வேறு மதிப்பிலும் வரும். இரண்டாவது கட்டடத்தின் பரப்பு. மூன்றாவது அதன் வகை: கான்கிரீட் தளமா, ஓட்டு வீடா, தகடு வேய்ந்ததா, கூரை வீடா என்பது. நான்காவது பயன்பாடு: குடியிருப்பா, வணிகமா, தொழிற்கூடமா. ஐந்தாவது கட்டடத்தின் வயது. பழைய கட்டடத்துக்குத் தேய்மானக் கழிவு உண்டு.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். 500 சதுர அடி வீடு. சதுர அடிக்கு மாதம் 1 ரூபாய் அடிப்படை மதிப்பு எனில் மாத மதிப்பு 500 ரூபாய், ஆண்டுக்கு 6,000 ரூபாய். தேய்மானமாக 10 விழுக்காடு கழித்தால் 5,400 ரூபாய். மொத்த வரி விகிதம் ஆண்டுக்கு 20 விழுக்காடு எனக் கொண்டால் வரி 1,080 ரூபாய். அரையாண்டுக்கு 540 ரூபாய். மாநகராட்சி பயன்படுத்தும் உண்மையான மதிப்பையும் விகிதத்தையும் இந்த இடங்களில் பொருத்திப் பார்த்தால் நமது வரி சரியா என்பது விளங்கும்.

நாம் செலுத்தும் ஒரே தொகைக்குள் பல கூறுகள் உள்ளன. பொது வரி, குடிநீர் வடிகால் வரி, விளக்கு வரி, கல்வி வரி என அது மரபாகப் பிரிக்கப்பட்டு வந்துள்ளது. இத்துடன் 1948ஆம் ஆண்டின் பொது நூலகங்கள் சட்டப்படி நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. குடிநீர் இணைப்புக் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், தொழில் வரி ஆகியவை வேறு கணக்கு. கட்டடம் இல்லாத மனைக்குக் காலிமனை வரி உண்டு.

600 சதுர அடி என்ற எல்லைக்கோடு

2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியைச் சீராய்வு செய்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கான உயர்வு பரப்பளவின்படி நான்கு படிகளாக வைக்கப்பட்டது. 600 சதுர அடிக்கு உட்பட்டவற்றுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடு, 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடு, அதற்கு மேல் 100 விழுக்காடு. வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடும் தொழிற்கூடங்களுக்கு 75 விழுக்காடும் உயர்த்தப்பட்டன.

நம் குடியிருப்புகளில் பெரும்பாலான வீடுகள் சிறியவை என்பதால் இந்த முதல் படி முக்கியமானது. பழைய வரி அரையாண்டுக்கு 400 ரூபாயாக இருந்த வீடு 600 சதுர அடிக்குள் இருந்தால் 500 ரூபாய் ஆகும். அதே வீட்டின் பரப்பு பதிவேட்டில் 620 என்று எழுதப்பட்டிருந்தால் 600 ரூபாய் ஆகும். திண்ணையும் கழிவறையும் அளவில் எப்படிச் சேர்க்கப்பட்டன என்ற ஒரு சிறு விவரம், ஆண்டுதோறும் ஒரு குடும்பத்தின் செலவில் நிற்கும். அளவெடுக்க வருவோர் நாடாவைப் பிடிக்கும்போது வீட்டில் ஒருவர் உடன் நின்று அளவுகளைக் குறித்துக்கொள்வது, பின்னால் எழுதும் பத்து மனுக்களைவிடப் பயன் தரும்.

தறி வீடும் கோயில் மனையும்

காஞ்சிபுரத்துக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உள்ளன. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் வீடும் தொழிலிடமும் ஒன்றே. குடும்பம் உறங்கும் அறையிலேயே குழித்தறி இருக்கும். நெசவு ஒரு சாதிக்கு மட்டுமே உரிய தொழிலாக இன்று இல்லை. சுற்று வட்டாரச் சேரிகளிலும் கூலிக்கு நெய்வோர் உள்ளனர். தறி இருப்பதைக் காட்டி வீட்டைத் தொழிற்கூடம் என்று வகைப்படுத்தினால் வரிப் படியே மாறிவிடும். ஆகவே கேட்பு அறிவிப்பில் பயன்பாடு என்ற இடத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தவறாது பார்க்க வேண்டும். வீட்டின் ஒரு பகுதி மட்டுமே கடையாக இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் வணிக வகைப்பாடு கோர வேண்டும்.

இரண்டாவது கோயில் மனை. கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் சொந்தச் செலவில் வீடு கட்டி வாழ்வோர் இக்கோயில் நகரத்தில் உள்ளனர். இவர்கள் மனைக்கு வாடகையை இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயிலுக்கும், கட்டடத்துக்கு வரியை மாநகராட்சிக்கும் செலுத்துகின்றனர். மாநகராட்சி ரசீது கோயில் வாடகைக்கு ஈடாகாது. கோயில் ரசீது மாநகராட்சி வரிக்கு ஈடாகாது. இரண்டும் இரு வேறு கடமைகள்.

பொது வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்டு அவ்வாறே பயன்படும் இடங்களுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. இது பெருங்கோயில்களுக்கு மட்டும் உரியதன்று. சேரியின் அம்மன் கோயிலும், பௌத்த விகாரையும், தேவாலயமும், பள்ளிவாசலும் இதே விலக்கைக் கோரலாம். அதே வேளையில் வழிபாட்டு நிறுவனம் வாடகைக்கு விட்டிருக்கும் கடைக்கு இந்த விலக்கு பொருந்தாது.

தேடிப் பார்ப்பதும் செலுத்துவதும்

ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரிவிதிப்பு எண் ஒன்று உண்டு. அதுவே எல்லாவற்றுக்கும் திறவுகோல். பழைய ரசீதில் உள்ள எண்ணும் கணினிமயமான பின் தரப்பட்ட எண்ணும் வேறுபடலாம். எண் தெரியாவிடில் வார்டு, தெரு, கதவு எண், பழைய ரசீது ஆகியவற்றுடன் மாநகராட்சி வருவாய்ப் பிரிவில் கேட்டால் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருவர்.

சென்னை நீங்கலான மாநகராட்சி, நகராட்சிகளுக்காக நகராட்சி நிர்வாக இயக்ககம் நடத்தும் ‘டிஎன் அர்பன் இபே’ இணையதளத்தில் வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்தால் உரிமையாளர் பெயர், நிலுவை, நடப்பு அரையாண்டுக் கேட்பு ஆகியவற்றைக் காணலாம். அங்கேயே வங்கி அட்டை, இணைய வங்கி, யூபிஐ வழியாகச் செலுத்தி ரசீதைப் பதிவிறக்கலாம். மாநகராட்சி வரி வசூல் மையத்தில் நேரிலும் செலுத்தலாம். யாரிடம் பணம் கொடுத்தாலும் வரிவிதிப்பு எண், அரையாண்டு, தொகை மூன்றும் உள்ள ரசீதை அப்போதே பெற வேண்டும். ரசீதின்றிக் கொடுத்த பணம் கணக்கில் ஏறிற்று என்பதை நிரூபிக்க வழி இல்லை.

வரி ஆண்டுக்கு இரு முறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாவது. அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் செலுத்தினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 1 விழுக்காடு தனிவட்டி சேரும். சிறு தொகை தானே என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு, பின்னர் குடிநீர் இணைப்புக்கோ பெயர் மாற்றத்துக்கோ செல்லும்போது மொத்த நிலுவையும் ஒருசேரக் கேட்கப்படுகிறது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த நேரத்தில்தான் அது பெருஞ்சுமையாகிறது.

புதிய வரிவிதிப்பும் பெயர் மாற்றமும்

புதிதாகக் கட்டிய வீட்டுக்கு வரிவிதிப்புக் கோர, கிரயப் பத்திரம் அல்லது பட்டா, கட்டட அனுமதி, அடையாளச் சான்று முதலியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கிய வீட்டுமனைப் பட்டா உள்ளோர் அதனையே இணைக்கலாம். 1978ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத்திட்ட நில எடுப்புச் சட்டத்தின்படி நிலம் எடுத்து மனைகள் வழங்கப்பட்ட இடங்களில், பட்டா கையில் இருந்தும் வருவாய்த்துறைக் கணக்கில் பெயர் ஏறாமல் இருக்கக்கூடும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை அரசின் இணைய சேவையில் பார்த்து, பெயர் இல்லையெனில் முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

வீட்டு உரிமையாளர் இறந்தபின் வாரிசுச் சான்று பெற்று, காலந்தாழ்த்தாமல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது அவசியம். இதில் பெண்களின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தந்தைக்குப் பின் மூத்த மகன் பெயரை மட்டும் எழுதிவிட்டுத் தாயையும் மகள்களையும் விட்டுவிடும் பழக்கம், பின்னாளில் அவர்களின் பங்கையே மறுப்பதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது.

ரசீது எதை நிலைநாட்டும்

வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவது வரி வசூலுக்கான ஏற்பாடே அன்றி, அது உரிமையைத் தோற்றுவிப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1993இல் ஜட்டு ராம் வழக்கிலும் 1996இல் சவர்ணி வழக்கிலும் கூறியுள்ளது. வரி ரசீதுக்கும் இதுவே விதி. இந்த விதி நமக்கு இரு பக்கமும் வேலை செய்கிறது.

ஒரு பக்கம், புறம்போக்கிலோ நீர்நிலைக் கரையிலோ வாழ்வோர் வரி ரசீதை மட்டும் நம்பியிருக்க முடியாது. வேகவதி ஆற்றங்கரைக் குடும்பங்களைக் கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இடம்பெயர்க்கும் திட்டத்தைக் கண்ட இந்நகருக்கு இது புதிதன்று. ஆனாலும் ரசீது பயனற்றதாகாது. இன்ன ஆண்டு முதல் இன்ன குடும்பம் இந்த இடத்தில் வாழ்ந்து வருகிறது என்பதற்கு அது துணைச் சான்று. மின் கட்டண அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்று ஆகியவற்றோடு சேரும்போது, நத்தம் பட்டா கோரிக்கையிலும் மாற்றுக் குடியிருப்புக் கோரிக்கையிலும் அதற்கு எடை உண்டு.

மறுபக்கம், பஞ்சமி நிலத்தில் வீடோ கடையோ கட்டி, வரி செலுத்தி, அந்த ரசீதைக் காட்டி உரிமை கொண்டாடுவோரின் வாதமும் இதே விதியால் வீழ்கிறது. பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கலாகாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது ஒப்படை நிபந்தனை. மாநகராட்சி விதித்த வரி அந்த நிபந்தனையை அழிக்காது. பஞ்சமி நில மீட்பில் ஈடுபடும் தோழர்கள் எதிர்த்தரப்பின் வரி ரசீதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. அ-பதிவேட்டையும் பழைய நில ஒப்படைப் பதிவையும் வில்லங்கச் சான்றையும் எடுப்பதே வழி.

தவறு நேர்ந்தால்

புதிதாக வரி விதித்தாலோ உயர்த்தினாலோ அறிவிப்பு தரப்பட வேண்டும். அதில் குறித்த கெடுவுக்குள் ஆணையருக்கு எழுத்து மூலம் சீராய்வு மனு அளிக்கலாம். பரப்பு, வகை, பயன்பாடு, வயது, மண்டலம் என்ற ஐந்தில் எது தவறு என்பதைத் தனித்தனியாகச் சுட்டி, அளவுக் குறிப்பும் புகைப்படமும் இணைத்தால் மனு வலுப்பெறும். ஆணையர் முடிவு ஏற்புடையதன்று எனில் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். மனு அளித்ததற்கு ஒப்புகை பெறாமல் திரும்பலாகாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இங்கே பெரிதும் உதவும். 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. நமது வீட்டின் வரிவிதிப்புப் பதிவேட்டு நகல், நமது தெருவின் மண்டல வகைப்பாடு, வார்டு வாரியாகச் சொத்து வரி வசூல், அதே வார்டில் தெருவிளக்கு, வடிகால், கழிப்பிடம் ஆகியவற்றுக்குச் செலவிட்ட தொகை ஆகிய நான்கையும் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து தம் வார்டுக்கு இதைச் செய்தால், சேரித் தெரு செலுத்திய வரிக்கு ஈடாகச் சேரித் தெருவுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை எண்களோடு எழுப்ப முடியும். 2022இல் விதிகள் வகுக்கப்பட்ட வார்டு குழுவும் பகுதி சபையும் அக்கேள்வியை வைப்பதற்கான சட்டபூர்வ மேடைகள்.

நகரின் குப்பையை அள்ளுவோரும் சாக்கடையைத் துப்புரவு செய்வோரும் பெரும்பாலும் நம் மக்களே. சொத்து வரியால் நடைபெறும் அந்தப் பணி, அவர்கள் வாழும் தெருவுக்கு மட்டும் கடைசியாக வந்து சேர்வதை நாம் வழக்கமென ஏற்கலாகாது. வரி செலுத்துவோர் என்ற நிலையிலும் குடிமக்கள் என்ற நிலையிலும் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் உள்ள பழைய ரசீதுகளை எடுத்து ஆண்டு வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் படமெடுத்து வைப்போம். வரிவிதிப்பு எண்ணைக் கொண்டு இணையதளத்தில் பெயரையும் பரப்பையும் சரிபார்ப்போம். பிறகு பட்டா யார் பெயரில் உள்ளது என்று பார்ப்போம். முதலிரண்டும் சரியாக இருந்து மூன்றாவது இல்லையென்றால், அடுத்த மனு வட்டாட்சியருக்கு எழுதப்பட வேண்டியது.